மறுப்பு எதுவும் வரவில்லை

திங்கட்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு அந்த மடல் வந்தது. தலைப்பில் ‘தனிக்குடித்தனம்’ என்று ஒற்றைச் சொல். வாசுகி அப்போது மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள். ‘ஆற்றி’ திட்டம் தாய்க் கம்பெனியிலிருந்து வெளியேறித் தனியாக இயங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன், மறுப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும், இப்படிக்குத் துவாரகன். பதினோரு வருடம் தன் கையால் வளர்த்த திட்டத்தை வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு என்ன தோன்றியது என்றால், சட்னிக்கு இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று தோன்றியது.

ஆற்றி என்பது முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், தோலுக்கடியில் வைக்கிற ஒரு கருவிக்குள் ஓடும் மென்பொருள். கருவி தீப்பெட்டியில் பாதி இருக்கும். விபத்திலோ நோயிலோ நரம்பு கெட்டு, மாத்திரைக்கு அடங்காத வலியோடு கிடப்பவர்களுக்கு அந்த வலியை ஆற்றிக் கொடுக்கும். டீக்கடையில் டீ ஆற்றுகிற மாதிரி என்று பெயர் வைத்தவர்கள் சொன்னார்கள். கருவியைச் செய்வது கம்பெனி. உள்ளே ஓடும் நிரல் மட்டும் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைக் கம்பெனி தன் சாவியால் முத்திரை வைத்து அனுப்பினால்தான் கருவி அதை ஏற்கும். இருபத்தெட்டாயிரம் பேர் உடம்பில் அது இருக்கிறது. நிரலை எழுதிப் பராமரிப்பவர்கள் பதினாறு பேர். அதில் துவாரகனைத் தவிர மற்ற பதினைந்து பேரும் கருவியைப் போட்டுக்கொண்டவர்கள். தனக்கு வலித்தவன்தானே சம்பளமில்லாமல் ராவும் பகலும் நிரல் எழுத வருவான். வாசுகி அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டரோடு லாரிக்கடியில் போய் மீண்டு வந்தவள்.

மூன்று நாள் விதியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஆரம்பத்தில் இந்தக் கூட்டம் சண்டைக்குப் பேர்போனது. கருவியை அணைக்கும் பொத்தானில் ‘நிறுத்து’ என்று போடுவதா ‘நிறுத்துக’ என்று போடுவதா என்று நாற்பது நாள் அடித்துக்கொண்டார்கள். இருநூற்றுப் பதினாலு மடல். ‘நிறுத்து’ என்றால் ஆட்டோக்காரரை அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ‘நிறுத்துக’ என்றால் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். ஒரு புண்ணியவான் ஒன்பது தடவை மறுப்புத் தெரிவித்து, ஒன்பது தடவையும் வாபஸ் வாங்கினார். கடைசியில் பொத்தானில் எழுத்தே இல்லாமல் ஒரு சிவப்பு வட்டம் போட்டார்கள்.

வெறுத்துப்போன வாசுகி ஒரே மூச்சில் விதியை எழுதினாள். எந்த முன்மொழிவானாலும் மூன்று நாளில் மறுப்பு வராவிட்டால் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். மறுப்பு வந்தால், முன்மொழிந்தவரும் மறுத்தவரும் போக இன்னும் மூன்று பேராவது அடுத்த மூன்று நாளுக்குள் அந்த மறுப்பை எதிர்த்துப் பேச வேண்டும். பேசாவிட்டால் மறுப்பு நிலைக்கும். அந்தப் பேச்சை ஒரு வருடத்துக்கு எடுக்க முடியாது. போட்ட மறுப்பை வாபஸ் வாங்கவும் முடியாது. அந்த விதி வந்த பிறகுதான் கூட்டம் உருப்பட்டது என்று எல்லோரும் சொல்வார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் துவாரகன் காணொளியில் அழைத்தான். யாழ்ப்பாணத்தில் கோண்டாவில்காரன், முப்பது வயது. அவனுடைய அம்மா கருவி போட்டிருப்பதால் இந்த வேலைக்கு வந்தவன்.

“அக்கா, மடலைப் பாத்தனீங்களோ?”

“பார்த்தேன் தம்பி. நல்லா எழுதியிருந்தீங்க.”

“உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?”

“கோவப்பட அதுல என்ன இருக்குதுங்க?”

 அவன் ஒரு வரைபடத்தைத் திரையில் வைத்தான்.

“ஒருக்கா இதைப் பாருங்கோ. ஆறாம் பதிப்புக்கு முந்தி, ஒரு முன்மொழிவுக்குச் சராசரியாப் பதினொரு மறுப்பு வந்தது. ஆறாம் பதிப்புக்குப் பிறகு, இந்த நாலு வருசத்தில, எல்லாத்துக்கும் சேத்து எத்தினை வந்தது எண்டு நினைக்கிறியள்?”

“எத்தனை?”

“ஒண்டுமில்லை.”

“பக்குவப்பட்டுட்டோம்” என்றாள் வாசுகி.

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆறாம் பதிப்பில கொம்பனி ‘அமைதி எல்லை’யைக் கொஞ்சம் அகட்டினது. பொங்கல் கிழமையில வந்த முன்மொழிவு அது. எல்லாரும் வீட்டில நிண்டவை, ஒருத்தரும் வாசிக்கேல்லை, அப்பிடியே பாஸாப் போச்சு. வலி போற பாதையிலதான் அக்கா துக்கமும் போகுது, கோவமும் போகுது. எல்லையை அகட்டினவுடன எல்லாத்தையும் சேத்து ஆத்திப்போட்டுது. பிறகு ஆர் மறுக்கிறது?”

“கம்பெனிகிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டனான். இருபத்தெட்டாயிரம் பேரில ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லையாம். எப்பிடிச் செய்வினம்? எங்கட அம்மா என்னை ஏசி நாலு வருசம். நான் என்ன செய்தாலும் ‘சரியப்பன்’ எண்டுறா. அதைக் கேக்கேலாம இருக்கு.”

வாசுகி தலையாட்டினாள். அவன் சொன்னது முழுக்கப் புரிந்தது. ஒரு கணக்கு சரியாக வந்தால் எப்படிப் புரியுமோ அப்படிப் புரிந்தது.

“சரி, வெளியே போனா என்ன ஆகும்?”

“கொம்பனியின்ர சாவியை எடுத்துப்போட்டு எங்கட சாவியைப் போடவேணும். சாவி மாறினா கருவி அவையவையின்ர உடம்பைத் திரும்பப் பழகவேணும். மூண்டு கிழமை. அது வரைக்கும் பழைய வலியில பாதி திரும்பி வரும், எல்லாருக்கும். அதை மடலில எழுதினனான். அதைக்கூட ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை.” அவன் குரல் தாழ்ந்தது. “வியாழன் பத்து மணி வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்காட்டிப் பாஸாகிடும். எங்களை எந்த வழியால பிடிச்சவையோ அதே வழியால வெளியில வருவம். நீங்கள் சும்மா இருந்தாப் போதும்.”

“நான் எங்க பேசப்போறேன்.”

“ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது. கோவிக்கமாட்டியள், தெரியும். ரங்கராஜ் அண்ணை செத்த அண்டைக்கு நீங்கள் எனக்கு ஒரு மடல் போட்டனீங்கள். தேடிப் பாருங்கோ.”

தேடிப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. அவள் கணவர் ரங்கராஜ் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்சில் அவள்தான் கூடப் போனாள். பதினொன்று பத்துக்கு முடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மடல் பதினொன்று நாற்பதுக்குப் போயிருந்தது. ‘உங்கள் திருத்தத்தைப் பார்த்தேன். நாற்பதாம் வரியில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருக்கிறது. மற்றபடி நன்று.’ ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியது.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவள் காபி போட்டுக் கொடுத்தாள். என்னா தைரியம் என்று சிலர் மெச்சினார்கள். ரங்கராஜின் தங்கை சிவகாமி மட்டும் காபியை வாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பல்லடம் போனவள், பிறகு பேசவே இல்லை. அது எதனால் என்று வாசுகி யோசித்ததும் இல்லை.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வந்து கைபேசியைக் கையில் எடுத்தாள். கருவி எவ்வளவு ஆற்ற வேண்டும் என்கிற அமைதி எல்லைக்கு அதன் திரையில் நகர்த்தும் கோடு ஒன்று உண்டு. எல்லோருக்கும் எட்டில் நிற்கும். குறைத்துக்கொள்ளலாம், குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அவளுக்கும் தோன்றவில்லை. துவாரகன் சொன்னதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது என்கிற வேலைப் பழக்கத்தில், எட்டிலிருந்து மூன்றுக்கு இழுத்தாள்.

முதலில் இடுப்பு வலி வந்தது. பழைய ஆள், அடையாளம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். அலமாரிக் கதவில் ரங்கராஜின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் சேலை எடுக்கிறாள். இன்றைக்கு அது அவருடைய சட்டையாக இருந்தது. அந்த மனுஷன் செத்துப்போய்விட்டார் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன் சத்தம்தான் என்று தெரிய நேரமானது. கூடவே வெட்கம் வந்தது, அந்த அரைப்புள்ளியை நினைத்து. அழுகையைவிட அந்த வெட்கத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சிவகாமிக்குப் போன் போட்டாள். எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள், எடுத்துவிட்டாள். ‘சிவகாமி’ என்பதற்கு மேல் வாசுகிக்குப் பேச்சு வரவில்லை. 

“இப்பத்தான் வருதுங்களா அண்ணி?” என்றாள் சிவகாமி.

அதில் குத்தல் இல்லை. இரண்டு பேருமாக ஒரு மணி நேரம் போனை வைக்காமல் அழுதார்கள்.

சாயங்காலம் சாதிக்கை அழைத்தாள். உக்கடத்துக்காரர், எலக்ட்ரீஷியனாக இருந்தவர். கட்டடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து, ஒன்பது வருடம் மல்லாந்தே கிடந்தவர். படுத்துக்கொண்டே நிரல் எழுதக் கற்றவர். வலியை அளக்கும் பகுதி முழுக்க அவர் எழுதியதுதான்.

“தம்பி மடலைப் படிச்சீங்களா பாய்?”

“படிச்சேன்க்கா. நல்லதுதானே.”

“மூணு வாரம் பாதி வலி திரும்பி வரும்னு போட்டிருக்குதே, பார்த்தீங்களா?”

“பார்த்தேன். வரட்டும்.”

பஸ் பத்து நிமிஷம் லேட்டாக வரும் என்றால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். பக்கத்தில் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.  ஒன்பது வருடம் ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வலியோடு கிடந்த மனுஷன் இவர். ‘அம்மா’ என்று கூடக் கத்த முடியாமல் தலையணையைக் கடித்துக் கிழித்ததை ஒரு தடவை அவரே சொல்லியிருக்கிறார்.

“பாய், உங்களுக்கு அது என்னன்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

“இருக்குதுக்கா. ஞாபகம் எல்லாம் நல்லாவே இருக்குது.”

“வேண்டாம்னு தோணலைங்களா?”

“தோணலை. நீங்க வேண்டாம்னா வேண்டாம். வேணும்னா வேணும்.”

போனை வைத்தாள். வெளியேறத்தான் வேண்டும், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த மனுஷரிடம் கேட்காமல், கேட்டாலும் பதில் சொல்லத் தெரியாத இந்த நிலையில் வைத்து, அவர் தலையில் மூன்று வாரத்தை இறக்குவதா? கம்பெனி செய்தது அதுதானே? இருபத்தெட்டாயிரம் பேர். அதில் பாதிப் பேரையாவது சாதிக் மாதிரிதான் அவள் நினைக்க வேண்டியிருந்தது. பயமாக இருந்தது. பயம் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது இருபதுக்கு, கெடு முடிய நாற்பது நிமிஷம் இருக்கும்போது, அவள் எழுதினாள்.

‘மறுக்கிறேன். வெளியேற வேண்டாம் என்பதற்காக அல்ல. வெளியேறத்தான் வேண்டும். ஆனால் ஒருவருக்கும் எதுவும் தோன்றாத நேரத்தில் எடுக்கும் முடிவு நம் முடிவு அல்ல. தயவுசெய்து ஒவ்வொருவரும் ஒரே ஒரு நாள் அமைதி எல்லையை மூன்றுக்குக் குறைத்துவிட்டு, பிறகு வந்து பேசுங்கள். என் மறுப்பைத் திட்டுங்கள். மூன்று பேர் திட்டினால் போதும், அது விழுந்துவிடும். நேற்று நான் என் கணவருக்காக முதல் முறையாக அழுதேன்.’

நாலு வருடத்தில் மடற்குழுவுக்கு வந்த முதல் மறுப்பு அது. இரண்டே நிமிஷத்தில் துவாரகன் அழைத்தான். 

“என்னக்கா செய்துபோட்டியள்? நாப்பது நிமிசம். நாப்பது நிமிசம் சும்மா இருக்கேலாமப் போச்சோ?”

“சாதிக் பாய்கிட்டப் பேசினேன் தம்பி. அவர் தலையாட்டினதைச் சம்மதம்னு எழுதிக்க என்னால முடியலை.”

“இப்ப மூண்டு பேர் வந்து கதைக்கவேணும். வாறதுக்கு ஆர் இருக்கினம்? நான் முன்மொழிஞ்சவன், என்னைக் கணக்கில எடுக்கமாட்டினம்.”

“வருவாங்க. அப்படி எழுதியிருக்கேன். படிச்சா யாருக்கும் வலிக்கும்.”

“வலிக்காதக்கா” என்றான் துவாரகன். “அதுதானே பிரச்சினை.”

 ஒரே நாளில் அவளுக்கு அது மறந்துவிட்டது. முந்தாநாள் இதே மடல் தனக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள். தட்டச்சுப் பிழை இருக்கிறதா என்று பார்த்திருப்பாள்.

மூன்று நாள் அவள் கைபேசியைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொருவராக அழைத்தாள், கெஞ்சினாள், ஒருவரிடம் கத்தியும்விட்டாள். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். குறைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். யாரும் குறைக்கவில்லை. சனிக்கிழமை சாதிக்கிடமிருந்து மட்டும் ஒரு மடல் வந்தது. ‘இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அது எதிர்த்துப் பேசியதாகக் கணக்கில் சேராது என்று விதியைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை குழுவில் தானியங்கி அறிவிப்பு வந்தது. ‘மறுப்புக்கு எதிர்ப்பு எதுவும் வரவில்லை. மறுப்பு ஏற்கப்பட்டது. ஆற்றி திட்டம் தாய் நிறுவனத்தின் கீழேயே தொடரும்.’ கொஞ்ச நேரத்தில் துவாரகன் தன் பெயரைக் குழுவிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். போகும்போது எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதியிருந்தான். வாசுகிக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லை.

அன்று முழுக்க அவள் அழுதாள். இந்தத் தடவை ரங்கராஜுக்காக அல்ல. தன் நேர்மையை நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று பதினைந்து பேரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியைக் கம்பெனி கையில் கொடுத்தது தான்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். இடுப்பு வலி நிற்க விடவில்லை. கோட்டை எட்டுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நூறு தடவையாவது தோன்றியது. ஏற்றவில்லை.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறையில் அப்படியே நின்றாள். மூன்று நாள் விதியையே எடுத்துவிட்டால்?

வெளியேறும் பேச்சைத்தான் ஒரு வருடத்துக்கு எடுக்க முடியாது. விதியை நீக்கும் பேச்சை எடுக்கலாம். அதை முன்மொழிந்தால் என்ன ஆகும்? ஒருவரும் மறுக்க மாட்டார்கள். மூன்று நாளில் நிறைவேறிவிடும். அந்த விதியே தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு முடிவுக்கும் ஒவ்வொருவரும் வாய் திறந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும், சொல்வதற்கு முதல் நாள் அமைதி எல்லையைக் குறைத்தாக வேண்டும் என்று அதிலேயே சேர்த்துவிடலாம். சாதிக்கிடம் கேட்கலாம், நிஜமாகக் கேட்கலாம். வாசுகி சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக மேசைக்கு வந்தாள். துவாரகனுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது, அனுப்பிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.  எழுத்துப் பிழை ஒவ்வொரு வரியிலும் வந்தது, திருத்தவில்லை.

‘மூன்று நாள் விதியை நீக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். இதை எழுதியவள் நான். நான் செய்தது தவறு. வலிக்காத ஒருவரிடம் சம்மதம் கேட்க’

பதினோரு மணிக்குக் கைபேசி ஒரு தடவை அதிர்ந்தது. தகராறு தீரட்டும் என்று கம்பெனி நிறுத்தி வைத்திருந்த எட்டாம் பதிப்பு எல்லோருடைய கருவிக்கும் ஏறிக்கொண்டிருந்தது. நாற்பது விநாடி எடுக்கும். புதுப் பதிப்பு ஏறும்போது அவரவர் தனியாக வைத்த அளவு அழிந்து, கோடு பழையபடி எட்டுக்குத் திரும்பும். போன மாசம் பதினாறு பேருக்கும் வந்து, யாரும் மறுக்காமல் நிறைவேறிய மாற்றம் அது.

இடுப்பு லேசானது. வாசுகி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கன்னம் ஈரமாக இருந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். திரையில் இருந்த மடலை முதலிலிருந்து படித்தாள். சரியான யோசனைதான். பிழை நிறைய இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தினாள். கடைசி வாக்கியம் பாதியில் நின்றது. அதை எப்படி முடிக்க நினைத்தாள் என்று நினைவிருந்தது, ஆனால் அதில் அப்படி என்ன அவசரம் என்று தெரியவில்லை. மடலை வரைவில் சேமித்து வைத்தாள்.

குழுவை ஒரு பார்வை பார்த்தாள். நேற்று வந்த தானியங்கி அறிவிப்பின் கீழே பதினான்கு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். தன்னுடையது மட்டும் விட்டுப்போயிருந்தது. போட்டாள்.